சத்தம் வராத முப்பது கம்ப்யூட்டர்

மூணு வருஷம் இருக்கும். சித்திரை மாசம், ஒரு சனிக்கிழமை காலையில, பெரம்பலூர்ல நான் வேலை பாக்குற காலேஜோட கம்ப்யூட்டர் லேப்ல நடந்தது இது. இப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வெக்கமாவும் இருக்கும்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். எனக்கு ஊரு அரும்பாவூர். அந்த லேப்புக்குப் பதினாறு வருஷமா நான்தான் இன்சார்ஜ். மொத்தம் முப்பது கம்ப்யூட்டர், எல்லாத்துலயும் லினக்ஸ். காலேஜ்ல பிரிண்டர் மக்கர் பண்ணாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, பிரின்சிபால் வூட்டு டிவியில படம் வரலன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதனால எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம்னு நான் சொல்றேன். என் சம்சாரத்தைக் கேட்டா வேற கணக்கு சொல்லுவா.

வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குற ஒரு கம்ப்யூட்டர் சர்டிபிகேட் பரீட்சைக்கு எங்க லேப்புதான் சென்டர். டைப்பிஸ்ட் வேலைக்குப் போறவங்களுக்கு அந்த சர்டிபிகேட் இருந்தாகணும். ஒரு லெட்டர் அடிக்கணும், ஒரு அட்டவணை போடணும், கடைசியில பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான். அந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே எனக்குத் தகவல் வந்துருச்சு. கண்ணு தெரியாத ஒருத்தங்க எழுத வர்றாங்க, ஒரு மெஷின்ல ஸ்க்ரீன் ரீடர் ரெடியா வச்சிருங்கன்னு. ஸ்க்ரீன் ரீடர்ங்கறது, திரையில இருக்குறதையும் நாம அடிக்கிற எழுத்தையும் சத்தமாப் படிச்சுச் சொல்ற ஒரு ப்ரோக்ராம். பார்வை இல்லாதவங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை பாப்பாங்க.

இதெல்லாம் ஒரு வேலையான்னு வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்ஸ்டால் பண்ணேன். ஓட்டிப் பாத்தேன். செட்டிங்ஸ் விண்டோ பளிச்சுன்னு திறந்துச்சு. சரி, வேலை முடிஞ்சுதுன்னு அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போயிட்டேன்.

மறுநாள் ஒம்பதரைக்கு அந்தப் பொண்ணு வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். வீட்டுக்காரர் முழங்கையைப் புடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்து வந்தாங்க, அவர்தான் பின்தங்கி வந்த மாதிரி இருந்துச்சு. வரதராஜன்பேட்டை பக்கம். காலையில அஞ்சரைக்குக் கிளம்பி ஜெயங்கொண்டம், அரியலூர்னு மூணு பஸ் மாறி வந்திருக்காங்க. அவரு அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவரு. அன்னிக்கு லீவு போட்டுட்டு, வெள்ளைச் சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு, தனக்கே பரீட்சை மாதிரி வேர்த்துப் போயி நின்னாரு.

உள்ள அனுப்பிட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு சொன்னாரு. ஜெயங்கொண்டத்துல ஒரு ஆபீஸ்ல இவங்க டெம்பரவரியா டைப்பிங் வேலை பாக்குறாங்களாம். இந்த சர்டிபிகேட்டைக் குடுத்தா பெர்மனென்ட் பண்றோம்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பரீட்சையை விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான், அதுவரைக்கும் இடத்தைக் காலியா வச்சிருக்க மாட்டோம்னு கறாரா சொல்லிட்டாங்களாம். "நாலு வருஷமா இதுக்குத்தாங்க சார் உசுர விட்டுக்கிட்டிருக்கா, கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னாரு. நான் பெரிய இவனாட்டம் அவரு தோள்ல தட்டி, "நான் இருக்கேன்ல, போயி டீ சாப்பிட்டு வாங்க"ன்னு அனுப்பி வச்சேன்.

உள்ள வந்து பாத்தா அந்தப் பொண்ணு ஹெட்போனை மாட்டிக்கிட்டு கீபோர்டைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. முகத்துல ஒரு மாறுதலும் இல்ல. "சார், சத்தம் வரலீங்களே"ன்னாங்க.

ஹெட்போன் பின்னு சரியா ஏறலன்னு நினைச்சு அழுத்திப் பாத்தேன். வரல. வேற ஹெட்போன் மாத்துனேன். வரல. சரி, மெஷின்தான் மோசம்னு பக்கத்து மெஷின்ல அதையே இன்ஸ்டால் பண்ணி உக்கார வச்சேன். அதுலயும் வரல. அதுக்கப்புறம் மூணாவது, நாலாவது. ஆபீஸ் ரூம்ல இருந்து ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்து சொருகிப் பாத்தேன். கப்சிப். ஒவ்வொரு மெஷினுக்கும் அவங்களை எழுப்பி உக்கார வைக்கிறதும், மத்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறதும், எனக்கு வேர்த்து ஊத்துது. அதுக்குள்ள மணி பத்தடிச்சு, மத்த பதினேழு பேரும் கொஸ்டின் பேப்பரை வாங்கி அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

திருச்சியில இருந்து வந்திருந்த எக்ஸாமினர் மேடம் கடியாரத்தைப் பாத்தாங்க. பத்தரைக்குள்ள ஆரம்பிக்கலன்னா ஆப்சென்ட்டுதான் போட முடியும், ரூல் அப்படி, தன் கையில ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. கெட்டவங்க இல்ல. அவங்களே யோசிச்சு, "வேணும்னா ஒரு ஆளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கம்மா. நீ சொல்லச் சொல்ல அவங்க அடிக்கட்டும். அதுக்கு ரூல்ல இடமிருக்கு"ன்னாங்க.

அந்தப் பொண்ணு பட்டுன்னு வேணாம்னுட்டாங்க. "டைப்பிஸ்ட் வேலைக்குங்க மேடம். இன்னொருத்தர் விரல்ல அடிச்சு வாங்குன சர்டிபிகேட்டை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொண்டு போயிக் குடுப்பேன்?"

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா வாய் மட்டும் ஓடுச்சு. "பழைய மெஷின்மா, மதர்போர்டுலயே சவுண்டு போயிருக்கும், நாம ஒண்ணும் செய்ய முடியாது"ன்னு டாக்டர் மாதிரி சொன்னேன்.

அவங்க ஹெட்போனைக் கழட்டி மேசையில வச்சாங்க. என் குரல் வந்த பக்கம் திரும்பி, "நாலு மெஷினுக்கும் ஒரே நாள்லயா சார் போர்டு போகும்?"னு மெதுவாக் கேட்டாங்க. அட, அது எனக்குத் தோணலியே! பேய்முழி முழிச்சேன். நல்லவேளை, அந்த முழியை அவங்க பாக்கல.

அப்புறம் அவங்க ஒண்ணு கேட்டாங்க. "நான் கமாண்ட் அடிக்கிறேன். திரையில என்ன வருதுன்னு மட்டும் நீங்க படிச்சு சொல்றீங்களா சார்?" மேடத்தை நிமிந்து பாத்தேன். இன்னும் கொஸ்டின் பேப்பர் குடுக்கலயே, பத்தரை வரைக்கும் பாருங்கன்னாங்க. இன்சார்ஜ் பாஸ்வேர்டைப் போட்டு உள்ள விட்டேன். அவங்க கை கீபோர்டுல ஒரு தடவை தடவி இடம் பாத்துச்சு, அவ்வளவுதான், கமாண்ட் அடிக்கிற டெர்மினல் விண்டோவைத் திறந்து மடமடன்னு அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் படிக்கிற ஆளு. பதினாறு வருஷ இன்சார்ஜ், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாட்டம் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு இருக்கேன்.

லினக்ஸ்ல நடுநாயகமா இருக்குறது கெர்னல். சவுண்டு, வைஃபை, கேமரா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மாட்யூல்னு ஒண்ணு இருக்கும். எது வேணுமோ அதைக் கெர்னல் ஏத்திக்கும். சவுண்டு மாட்யூல் ஏறலன்னா கம்ப்யூட்டருக்கு வாயே கிடையாது. அவங்க முதல்ல, மெஷினுக்குள்ள என்னென்ன பாகம் இருக்குன்னு பட்டியல் கேட்டாங்க. படிச்சேன். ஆடியோன்னு ஒரு வரி இருந்துச்சு. "அப்ப சவுண்டு கார்டு நல்லாத்தான் சார் இருக்கு"ன்னாங்க. அடுத்தது, ஏறியிருக்குற மாட்யூல்ல சவுண்டு சம்பந்தமா என்ன இருக்குன்னு கேட்டாங்க.

"ஒண்ணும் வரலம்மா"ன்னேன்.

"ஒரு வரி கூடவா?"

"ஒரு வரி கூட இல்ல."

சரின்னு அந்த மாட்யூலைக் கையால ஏத்தச் சொல்லி ஒரு கமாண்ட் போட்டாங்க. எர்ரர் எதுவும் இல்லாம அடுத்த வரிக்குப் போயிருச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. "ஏறிருச்சும்மா!"ன்னு கத்திட்டேன், பரீட்சை எழுதுறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவங்க மறுபடி பட்டியல் கேட்டாங்க. பாத்தா, பழைய குருடி கதவத் திறடிங்கற நிலைமைதான். மாட்யூல் இல்ல. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

ஆனா அவங்க முகத்துல அப்பத்தான் முதல் தடவையா சிரிப்பு வந்துச்சு. ஏத்த முடியலன்னா எர்ரர் வரணும், எர்ரரும் வராம மாட்யூலும் ஏறாம இருந்தா அதுல விஷயம் இருக்குன்னாங்க. "யாரோ இதுகிட்ட, ஏத்தச் சொன்னா ஏத்துன மாதிரி தலைய ஆட்டு, ஆனா ஏத்தாதேன்னு எழுதி வச்சிருக்காங்க சார். தானா ஆகுற கோளாறு இல்ல இது, ஒரு ஆளு செஞ்சது."

"எவன் அவன்?"னு எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நம்ம லேப்ல நமக்குத் தெரியாம எவனோ கைய வச்சிருக்கான்! பசங்கள்ல ஒருத்தனாத்தான் இருக்கும், கெடைச்சான்னா தொலைச்சேன்னு பல்லைக் கடிச்சேன்.

மாட்யூல் சம்பந்தமான உத்தரவெல்லாம் ஒரு ஃபோல்டர்ல சின்னச் சின்ன ஃபைலா இருக்கும். அவங்க அதுக்குள்ள போயி ஃபைல் பேரை எல்லாம் கேட்டாங்க. வரிசையாப் படிச்சுக்கிட்டே வந்தேன். கடைசிப் பேரு 'பாட்டுகட்' அப்படின்னு இங்கிலீஷ் எழுத்துல இருந்துச்சு. அதை இன்னொரு தடவை படிச்சேன். எங்கயோ பாத்த பேரா இருக்கே.

"அதுதான் சார்"னு சொல்லி அவங்க திறந்தாங்க. நாலு வரி. பாத்த உடனே எனக்கு முகத்துல ஈயாடல.

நான் மேல ரெண்டு வரியை விட்டுட்டு, மூணாவது வரியில இருந்து படிச்சேன். சவுண்டு மாட்யூலைக் கூப்பிட்டா ஒண்ணும் செய்யாம சரின்னு மட்டும் சொல்லுன்னு உத்தரவு. அவங்க சொன்னது அட்சரம் பிசகாம அப்படியே இருந்துச்சு. நாலாவது வரியும் அதே மாதிரிதான். "அவ்வளவுதாம்மா, அழிச்சிடலாம்"னேன் அவசரமா.

"மூணாவது வரின்னு சொன்னீங்களே சார். முத ரெண்டு வரி என்ன?"

சும்மாத்தான் கேட்டாங்க. எதையும் முழுசாக் கேட்டுக்காம அழிக்கிற பழக்கம் அவங்களுக்கு இல்ல. எக்ஸாமினர் மேடம் அந்தப் பக்கம் எங்கயோ நின்னுக்கிட்டிருந்தாங்க. திரையைப் பாக்குற ஒரே ஆளு நான்தான். என்னத்தையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பத்தான் வாயைத் திறந்தேன். ஆனா அந்தப் பொண்ணு அந்த நேரத்துல பாக்குறதெல்லாம் என் வாய் வழியாத்தான்னு சட்டுன்னு உறைச்சுச்சு. அதுலயும் பொய் சொன்னா நான் என்ன மனுசன்?

படிச்சேன். முதல் வரி: 'பயலுங்க பாட்டு கேக்கறானுங்க. வாயடைச்சாச்சு.' ரெண்டாவது வரியில போட்ட ஆளோட பேரு. என் பேரு.

"நான்தாம்மா போட்டேன்"னேன்.

நடந்தது என்னன்னா, அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி பசங்க லேப்ல உக்காந்து ஆளுக்கொரு பாட்டைப் போட்டு ஒரே கூத்தடிச்சானுங்க. பிரின்சிபால் வந்து எல்லார் முன்னாடியும் என்னைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அந்த ரோஷத்துல எங்கயோ படிச்சு ஒரு மெஷின்ல இந்த ஃபைலைப் போட்டேன். பிரமாதமா வேலை செஞ்சுச்சு. சத்தத்தைக் குறைக்கலாம், சொல்லிப் பாக்கலாம், அதெல்லாம் தோணல. அந்த மெஷின் டிஸ்க்கையே அப்படியே மிச்ச இருபத்தொம்பதுக்கும் காப்பி பண்ணி விட்டேன். பசங்க முழிச்ச முழியைப் பாத்து ஒரு வாரம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். லேப்ல சத்தம் இல்லன்னு எனக்கு ஒரு குறையே தெரியல. எனக்குத்தான் கண்ணு இருக்கே.

திட்டப் போறாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா கூட நல்லாயிருந்திருக்கும். அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சிட்டாங்க. "நல்லதாப் போச்சு சார். வேற ஆளுன்னா ஃபோன் போட்டுத் தேடிக்கிட்டு இருக்கணும். போட்டவரே பக்கத்துல இருக்கீங்க, எடுத்துடுங்க"ன்னாங்க.

எடுத்தேன். மாட்யூலை மறுபடி ஏத்துனாங்க, ஏறிருச்சு. அப்பவும் சத்தம் வரல, எனக்கு உசுரே போயிருச்சு. மூணு வருஷம் சும்மா கெடந்ததுல, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்ங்கற ப்ரோக்ராம்ல சத்தம் ம்யூட்ல இருக்கும்னு அவங்களே சொல்லி, அதைத் திறந்து ஒரே ஒரு கீயைத் தட்டுனாங்க. ஸ்க்ரீன் ரீடரை நிறுத்தி மறுபடி ஆன் பண்ணாங்க. ஹெட்போன் மேசையில கெடந்துச்சு. அதுக்குள்ள இருந்து கரகரன்னு, உணர்ச்சியே இல்லாத ஒரு மெஷின் குரல் சன்னமாக் கேட்டுச்சு. அடேயப்பா, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! கண்ணு கலங்கிருச்சு, மறைக்கல. மணி பத்து இருபத்தாறு.

அதுக்கப்புறம் நான் வெளியில போயிட்டேன். கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். கொஸ்டின் பேப்பரை மேடம் படிச்சுக் காட்ட, அந்தக் கை ஓடுன ஓட்டம் இருக்கே, பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க எல்லாம் கீபோர்டுல ஒவ்வொரு எழுத்தாத் தேடிக்கிட்டு இருந்தாங்க. லேட்டா ஆரம்பிச்சவங்க மூணாவது ஆளா பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டாங்க.

வெளிய வந்ததும் வீட்டுக்காரர்கிட்டயும் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுதுங்கன்னேன். அவரு அதைக் காதுலயே வாங்கிக்கல, எழுதிட்டாங்கன்னு கேட்டதும் சிரிச்ச சிரிப்பு நிக்கல. இவ்வளவும் எப்படிம்மா தெரியும்னு அவங்களைக் கேட்டேன். வூட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்காம், அதுலயும் லினக்ஸ்தான். அப்டேட் போடுறப்ப எல்லாம் சவுண்டு படுத்துக்குமாம். சரி பண்ணித் தர ஆளு கெடையாது. இவங்க கமாண்ட் அடிக்க, இந்த மனுசன் லாரியை விட்டு இறங்கி வந்து குளிக்காமக் கொள்ளாம திரையில இருக்குறதை ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுக் காட்டுவாராம். "எட்டாங்கிளாஸ் இங்கிலீஷை வச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே"ன்னு அவரு நொந்துக்கிட்டாரு. "நீங்க படிக்கிறதுல பாதி நானா யூகிக்கணும்"னு அவங்க அவரை இடிச்சாங்க. பாக்கவே நிறைவா இருந்துச்சு.

கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "சார், மிச்ச மெஷின்லயும் அந்த ஃபைலை எடுத்துடுங்க. என்னை மாதிரி இன்னொருத்தங்க வந்தா, அவங்களுக்கு இந்த கமாண்டெல்லாம் தெரியணும்னு இல்லீங்களே"ன்னாங்க. குத்திக் காட்டல, ஞாபகப்படுத்துன மாதிரிதான் சொன்னாங்க. எனக்கு சுருக்குன்னு தெச்சுச்சு.

அன்னிக்கு மத்தியானம் சோத்துக்குக் கூட போகல. மிச்ச இருபத்தொம்பது மெஷின்லயும் அந்த ஃபைலை எடுத்து, ஸ்க்ரீன் ரீடர் இல்லாததுல அதையும் போட்டேன். ஒவ்வொண்ணுலயும் மானிட்டரை அணைச்சுட்டு, ஹெட்போனை மாட்டி, அந்தக் கரகரக் குரலைக் காதால கேட்ட பொறவுதான் அடுத்ததுக்குப் போனேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த லாரிக்காரர் ஃபோன் பண்ணாரு. பாஸாயிட்டாங்க, வேலையும் பெர்மனென்ட் ஆயிருச்சு. அவரு பேசுன சந்தோஷத்துல பாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு, அன்னிக்கு வூட்டுல எல்லாருக்கும் அல்வா வாங்கிட்டுப் போனேன்.

ஆனா ஒண்ணு மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்கு கெர்னலும் மாட்யூலும் தெரியாம இருந்திருந்தா, மெஷின் பழசும்மான்னு சொல்லி நானே அவங்களை மூணு பஸ் ஏத்தித் திருப்பி அனுப்பியிருப்பேன், என் தப்புன்னு தெரியாமலே அன்னிக்கு சாயந்தரம் நிம்மதியா டீ குடிச்சிருப்பேன்.